மூன்று தவணையில் ஒரு வீடு

நேபாளத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, "பயமா இல்லையா?" என்பதுதான். இருந்தது. 2015இன் பெரிய நிலநடுக்கம் முடிந்து பல மாதங்கள் ஆன பிறகும் தரை அவ்வப்போது அசைந்துகொண்டே இருந்தது. படுக்கும்போது செருப்பையும் டார்ச்சையும் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும், கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வைப்பதும் தானாகவே பழகிவிட்டன. ஆனால் நான் பழகிய குடும்பங்கள் அதிர்வைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. வீடு கட்ட அரசு தரும் பணத்தின் அடுத்த தவணை எப்போது வரும் என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, முற்பகல் 11.56 மணி. கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் கிராமத்துக்கு அருகில் மையம் கொண்டு 7.8 அளவில் நிலம் குலுங்கியது. மே 12 அன்று இன்னொன்று, 7.3. இந்த முறை டோலகா, சிந்துபால்சோக் மாவட்டங்களின் பக்கம். இரண்டிலுமாக ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். சுமார் ஐந்து லட்சம் வீடுகள் முழுதாகப் போயின. லாங்டாங் கிராமம் மேலிருந்து சரிந்த பனிக்கும் பாறைக்கும் அடியில் புதைந்தது. இறந்தவர்கள் எண்ணிக்கை மிக அதிகம் சிந்துபால்சோக்கில்தான். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் சுமார் 3,500 பேர்.

இன்னும் எவ்வளவு மோசமாகியிருக்கும் என்பதற்கு அந்த ஊர்க்காரர்களே ஒரு கணக்கு சொல்வார்கள். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன, உள்ளே பிள்ளைகள் இல்லை. பகல் நேரம், பெரியவர்களில் பலர் வயலில் இருந்தார்கள். அதே நடுக்கம் ஒரு வேலை நாளிலோ நள்ளிரவிலோ வந்திருந்தால் என்ற யோசனையை அவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நான் போனது அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டும் திட்டங்களில் வேலை பார்த்த சிவில் பொறியாளன் என்பதால் ஒரு தொண்டு நிறுவனம் சேர்த்துக்கொண்டது. சிந்துபால்சோக்கின் தலைமையிடமான சௌதாராவுக்கு மேலே உள்ள மலைக் கிராமங்கள் எங்கள் பொறுப்பு. பெரும்பாலும் தமாங் என்ற மலை இனக் குடும்பங்கள், கொஞ்சம் செத்ரி, நேவார், தலித் குடும்பங்கள்.

போனபோது ஐந்தாறு மாதம் கடந்திருந்தது. செய்திகள் நின்றுபோயிருந்தன. வெளிநாட்டு மீட்புக் குழுக்கள் எப்போதோ ஊருக்குத் திரும்பியிருந்தன. ஜூன் மாதமே காட்மாண்டுவில் நன்கொடை நாடுகளின் மாநாடு நடந்து, 400 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மொத்த இழப்பு ஏறக்குறைய 700 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு பணம் பேசப்பட்டும் மலை மேலே ஒரு மூட்டை சிமென்ட்கூட ஏறவில்லை. தற்காலிகக் கொட்டகைக்கு 15,000 நேபாள ரூபாய், குளிர் உடைக்கு 10,000 ரூபாய், இவ்வளவுதான் அரசிடமிருந்து அவர்கள் கையில் வந்தது. (ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய்; பல ஆண்டுகளாக மாறாத கணக்கு. இனி நான் சொல்வதெல்லாம் நேபாள ரூபாய்தான்.)

ஏன் தாமதம்? மறுகட்டமைப்புக்கென்று ஓர் ஆணையம் அமைக்க ஜூனில் அவசரச் சட்டம் போட்டார்கள். அதை நாடாளுமன்றத்தில் உரிய காலத்துக்குள் சட்டமாக்காமல் விட்டதில் அது காலாவதியானது. யார் தலைமை தாங்குவது என்று கட்சிகளுக்குள் இழுபறி. கடைசியில் டிசம்பர் இறுதியில்தான் ஆணையத்துக்குத் தலைமை நிர்வாகி நியமனம் ஆனார். முதல் குடும்பங்களோடு உதவித்தொகை ஒப்பந்தம் போட்டது 2016 மார்ச்சில். ஏழை நாடு என்றால் பணம் இல்லாத நாடு என்றுதான் நினைத்திருந்தேன். வந்த பணத்தைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள், அலுவலகம், சட்டம் எதுவும் தயாராக இல்லாத நாடு என்பது அங்கே போய்த்தான் புரிந்தது. உள்ளாட்சித் தேர்தல் நடந்தே இருபது வருஷம் ஆகப்போகிறது அப்போது. கிராமத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் என்று ஒருவர்கூடக் கிடையாது. அரசாங்கம் போட்ட ஒரு செயலர், அவரும் பல நேரம் மாவட்டத் தலைநகரில் இருப்பார்.

இதற்கு நடுவில் எல்லை முற்றுகை. 2015 செப்டம்பர் 20 அன்று புதிய அரசியல் சாசனம் அறிவிக்கப்பட்டது. அதை எதிர்த்து, தெற்குச் சமவெளியில் வாழும் மதேசி மக்கள் போராட்டம். அதையடுத்து இந்திய எல்லையில் லாரிகள் நின்றுவிட்டன, பிப்ரவரி வரைக்கும். இந்தியாதான் நிறுத்திவைத்தது என்று நேபாளிகள் நம்பினார்கள். இந்திய அரசு அதை மறுத்தது. பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு எல்லாமே இந்தியன் ஆயில் வழியாக வருகிற நாடு அது. வடக்கே சீனாவுக்குப் போகும் அரனிகோ நெடுஞ்சாலை நடுக்கத்தில் சிதைந்து, டாடோபானி எல்லை மூடிக் கிடந்தது. ஆக இரண்டு வாசலும் அடைப்பு.

இந்தியாவிலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டு டீக்கடையில் உட்காருவது அந்த மாதங்களில் சுகமான விஷயம் இல்லை. ஏற்கெனவே மே மாதம் நம் தொலைக்காட்சி ஆட்கள் இடிபாட்டுக்கு நடுவே மைக்கை நீட்டிய விதம் பிடிக்காமல், 'இந்திய ஊடகமே, வீட்டுக்குப் போ' என்று ட்விட்டரில் பெரிய அலையே எழுந்திருந்தது. என்னை யாரும் திட்டவில்லை. "உங்க ஊர்ல காஸ் கிடைக்குதா சார்?" என்று மட்டும் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

காட்மாண்டுவில் சிலிண்டரைப் பாதி நிரப்பிக் கொடுத்தார்கள். மலையில் சிலிண்டர் வைத்திருந்தவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். தகரக் கொட்டகைக்குள் விறகடுப்பு. இரவில் வெளியே உறைபனி, உள்ளே தகரத்தின் அடிப்பக்கத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் திரண்டு போர்வை மேல் சொட்டும். கைக்குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் ஓயாத இருமல். அங்கே நாங்கள் செய்ததில் உருப்படியான ஒன்று, தகரத்துக்கு அடியில் வைக்கோலையோ கோரைப் பாயையோ மூங்கில் சட்டத்தில் கட்டித் தொங்கவிடச் சொன்னது. ஒரு சாண் இடைவெளி போதும், சொட்டுவது நிற்கும். புகைக்கு மேலே ஒரு திறப்பும், காற்று அடிக்கும் பக்கத்துக்கு மறுபக்கத்தில் வாசலும் வைக்க வேண்டும். இதற்குப் பணம் தேவையே இல்லை. தற்காலிகக் கொட்டகை எப்படியும் இரண்டு குளிர்காலம் தாங்க வேண்டிவரும் என்று முதல் நாளே எடுத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. மூன்று மாதத்தில் வீடு வந்துவிடும் என்று சொல்லி அனுப்புகிறவர்களை நம்ப வேண்டாம்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

அரசு முதலில் ஒரு குடும்பத்துக்கு 2 லட்சம் என்றது. 2016இல் பிரசண்டா பிரதமரானதும் 3 லட்சமாக உயர்த்தினார்கள். மூன்று தவணை: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் 50,000, அடித்தளம் முடிந்து பொறியாளர் பார்த்துச் சரி சொன்னால் 1,50,000, சுவர் கூரை மட்டம் வந்து மறுபடி சரி சொன்னால் 1,00,000. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. பணம் வேறு செலவுக்குப் போகாது, வீடும் விதிப்படி நிற்கும். உலகத்தில் பல இடங்களில் இப்படித்தான் கொடுக்கிறார்கள்.

ஆனால் அந்த 50,000 கையில் வரும்போது என்ன மாதம் என்பதை யாரும் பார்க்கவில்லை. மலையில் வீடு கட்டுவதற்கென்று சில மாதங்கள்தான் உண்டு. ஜூன் நடுவில் மழை பிடித்தால் செப்டம்பர் கடைசி வரை பாதைகள் சரிந்து கிடக்கும். அதே நேரத்தில் நாற்று நடவு. அக்டோபர் வாக்கில் தசைன், திகார் பண்டிகைகள். நவம்பரிலிருந்து மே வரைதான் கல் உடைக்கலாம், மண் குழைக்கலாம். மே கடைசியில் தவணை வந்தால் அந்தப் பணம் கட்டாயம் அரிசியாகவும் பழைய கடனாகவும் மாறும். மாறியது. உடனே அதிகாரிகள் "மக்கள் பணத்தைத் தின்றுவிட்டார்கள்" என்று குறைசொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு கெடு விதித்தார்கள்: இந்தத் தேதிக்குள் அடித்தளம் போடாவிட்டால் அடுத்த தவணை இல்லை. கெடு நெருங்கும்போது ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கட்ட ஆரம்பிக்கும். கொத்தனார் கூலி ஏறும், மணல் விலை ஏறும், கோவேறு கழுதைச் சுமைக்கூலி ஏறும். அப்புறம் கெடுவை நீட்டிப்பார்கள். அவசரப்பட்டவனுக்கு நஷ்டம், காத்திருந்தவனுக்கு லாபம். ஒருமுறை அல்ல, பலமுறை இது நடந்தது.

எங்கள் கிராமங்களில் கைகொடுத்த ஏற்பாடு ஒன்று உண்டு. தவணைக்குக் காத்திருக்காமல், நடுவில் உள்ள இடைவெளியை அடைக்க ஒரு சுழல்நிதி. நாலைந்து குடும்பங்கள் ஒரு குழு. தவணை வரும் முன்பே குழு பொருளை வாங்கிவிடும்; வங்கியில் பணம் விழுந்ததும் நிதிக்குத் திரும்பக் கட்ட வேண்டும். வட்டி இல்லை. பெண்கள் நடத்திய குழுக்களில் கணக்கு ஒழுங்காக இருந்தது. அரசும் சலுகை வட்டிக் கடன் என்று ஒன்றை அறிவித்திருந்தது. ஆனால் மலைக் கிராமத்து மண்ணை ஈடாக வாங்கிக்கொள்ள எந்த வங்கிக்கும் ஆர்வம் இல்லை. ஆகவே ஜனங்கள் உள்ளூர் ஆளிடம் நூற்றுக்கு 24, 36 என்று ஆண்டு வட்டிக்குத்தான் வாங்கினார்கள். நான் பார்த்தவரை எந்த வீடும் 3 லட்சத்தில் முடியவில்லை.

ஆவணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து போகிறவர்கள் கடைசியாகக் கவனிப்பது இதைத்தான். உதவித்தொகைக்கு இரண்டு காகிதம் வேண்டும்: குடியுரிமைச் சான்று, நிலப்பத்திரமான லால்புர்ஜா. நிலம் பெரும்பாலும் மாமனார் பெயரிலோ இறந்துபோன தாத்தா பெயரிலோ இருக்கும். மகன் மலேசியாவிலோ கத்தாரிலோ. அந்த நாட்டின் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் இப்படி வெளியே போனவர்கள் அனுப்பும் பணம். மருமகள் இங்கே இரண்டு குழந்தைகளோடு கொட்டகையில். கையெழுத்துப் போட வேண்டியவர் தோஹாவில். அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்திருந்தால் அது ஒரு குடும்பமா, இரண்டா? கணக்கெடுக்க வந்த பையன் எதை எழுதினானோ அதுதான் முடிவு. புகார் மனுக்கள் நாடு முழுக்க லட்சக்கணக்கில் குவிந்தன.

நிலமே இல்லாதவர்கள் பாடு இன்னும் மோசம். தலைமுறை தலைமுறையாக மற்றவர் நிலத்தில் குடிசை போட்டு இருந்த தலித் குடும்பங்களுக்கும், மடத்து நிலத்தில் உழுத தமாங் குடும்பங்களுக்கும் இடிந்ததைக் காட்ட வீடு இருந்தது, பத்திரம் இல்லை. பிற்பாடு அரசு நிலம் வாங்க 2 லட்சம் தருவதாக அறிவித்தது, அக்கம்பக்கத்தார் சாட்சியை ஏற்றுக்கொள்ளவும் வழி செய்தது. அதற்குள் காலம் ஓடிவிட்டது.

ஒரு தீதி (நேபாளியில் அக்கா) நினைவுக்கு வருகிறார். நாற்பது வயது இருக்கும். கணவர் துபாயில், மூன்று வருஷமாகத் தொலைபேசி இல்லை. இறந்தவர் என்று எழுதவும் முடியாது, இருக்கிறார் என்று கையெழுத்து வாங்கவும் முடியாது. மாவட்ட அலுவலகத்துக்கு எங்கள் ஜீப்பில் போகும்போது என்னிடம் கேட்டார்: "சார், வீடு விழுந்தது என் தலைமேலதானே? அப்ப கையெழுத்து நான் போட்டா ஆகாதா?" பிறகு வார்டில் ஏழு பேர் சாட்சி சொல்லி அவர் பெயர் பட்டியலில் ஏறியது. அந்த ஏழு பேரையும் ஒரே நாளில் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான் அந்த மாதம் நாங்கள் செய்த பெரிய பொறியியல் வேலை. ஆகவே சொல்கிறேன், இப்படி ஒரு இடத்துக்கு நாலு பொறியாளரை அனுப்பும் அமைப்பு, கூடவே நிலப்பத்திரம் தெரிந்த ஒரு உள்ளூர் வக்கீல் குமாஸ்தாவையும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சுவர்.

இடிந்த வீடுகளில் பெரும்பாலானவை கல்லும் மண்சாந்தும். ஒன்றரை அடி கனத்தில் சுவர், மேலே கற்பலகை அல்லது தகரம். கீழே மாடு, நடுவில் ஆள், மேலே தானியம். சுவரை உடைத்துப் பார்த்தால் அது ஒரு சுவரே அல்ல. உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும். குலுக்கும்போது இரண்டு முகமும் தனித்தனியாகப் பிரிந்து வெளிமுகம் தள்ளிக்கொண்டு விழும். மூலைகளில் குறுக்குக் கல் கோர்த்திருக்காது. முக்கோண வடிவில் கூரைக்கு அடியில் எழுப்பும் பக்கச்சுவர் முதலில் போகும். பலர் அது விழுந்துதான் இறந்தார்கள்.

ஆனால் ஊரில் எல்லோரும் சொன்னது, "கல்லுதான் கொன்னது." இனிமேல் கல் வேண்டாம், பில்லர் வீடுதான் வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட் தூண் என்றால் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு 9 அங்குலத் தூணில் நாலு மெல்லிய கம்பி, அந்தக் கம்பிகளைச் சுற்றி ஒரு அடிக்கு ஒரு ரிங், அதாவது கம்பி வளையம், அதுவும் கொக்கியை உள்ளே மடிக்காமல். அதைவிட ஒழுங்காகக் கட்டிய கல்வீடு எவ்வளவோ மேல். புதிய கட்டட விதி 12 அங்குலத் தூண் கேட்டது. ரிங்கின் முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடிக்கவில்லை என்றால் குலுக்கலில் அது பூமாலை நூல் போல அவிழ்ந்துவிடும். கம்பி கட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் பிடித்து, ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டிய வேலை இது. படம் வரைந்து ஒட்டினால் நடக்காது.

இன்னொரு விஷயம் தண்ணீர். நடுக்கத்துக்குப் பிறகு பல ஊற்றுகள் வற்றிப்போயின, சில இடம் மாறி வேறு எங்கோ கீழே கசிந்தன. குடிக்கவே பெண்கள் மலை இறங்கி ஏறினார்கள். இந்த ஊரில் கான்கிரீட்டைக் குறைந்தது ஒரு வாரம் நனைத்து வைக்க யார் தண்ணீர் சுமப்பது? நனைக்காத கான்கிரீட்டை நம்பி மேலே கனத்தை ஏற்றுவதைவிட, மண்சாந்தும் சுவரைச் சுற்றி மர பெல்ட்டும் வைத்துக் கட்டுவது அந்த இடத்துக்குப் பொருத்தம். விதியும் அதை அனுமதித்தது: கல்லும் மண்ணும் என்றால் ஒரே தளம், மேலே ஒரு பரண். ஆனால் சுவரைச் சுற்றி ஜன்னல் அடிமட்டத்தில், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில், கூரை மட்டத்தில் விடாமல் ஓடும் பெல்ட். மரமாகவும் இருக்கலாம், கான்கிரீட்டாகவும் இருக்கலாம். குறுகிய இடைவெளியில் சுவரின் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கல். மூலையிலிருந்து இரண்டடி தள்ளித்தான் கதவு, ஜன்னல். முக்கோணப் பக்கச்சுவரைக் கல்லில் கட்டவே கூடாது, தகரமோ பலகையோ போதும்.

மண்ணைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். பல இடத்து மண்ணை எடுத்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்து நிழலில் காயவைத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கிப் பார்க்க வேண்டும். பொடியானால் அந்த மண் வேண்டாம். உடையாமல் நின்றால் அதைக் குழைக்கலாம். இதைச் சொல்லிக் கொடுத்ததும் கிழவர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் செய்தது அதுவேதானாம்.

கல் மேலிருந்த பயத்தைப் போக்கியது எங்கள் பேச்சு இல்லை. நேபாள நிலநடுக்கத் தொழில்நுட்பச் சங்கம் என்று ஒரு அமைப்பு உண்டு, 1990களிலிருந்தே கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தவர்கள். 1934ஆம் ஆண்டுப் பெருநடுக்கத்தை நினைவுகூர்ந்து ஜனவரி நடுவில் வரும் நிலநடுக்கப் பாதுகாப்பு நாளில் அவர்கள் ஒரு ஆட்டும் மேசையைக் கொண்டுவந்து வைப்பார்கள். மேலே இரண்டு சின்ன வீடுகள், இரண்டுமே ஒரே கல், ஒரே மண். ஒன்றில் பெல்ட் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மேசையை ஆட்டுவார்கள். இதை நேரில் பார்த்துவிட்டு வந்த கொத்தனார் ஊரில் பேசினால் அடுத்த வாரம் நாலு பேர் கல்வீட்டுக்கு மனம் மாறுவார்கள்.

கொத்தனார்தான் பெரிய பஞ்சம். வேலை தெரிந்தவர்கள் வளைகுடாவில். இருக்கிறவர்களுக்கு ஏழு நாள் பயிற்சி, புதிதாகச் சேர்பவர்களுக்கு ஐம்பது நாள், ஒரு உண்மையான வீட்டைக் கட்டிக்கொண்டே. இந்த ஐம்பது நாள் பயிற்சியில் பெண்களும் வந்தார்கள். முதலில் ஊரார் கிண்டல். பிறகு சித்தாள் கூலியிலிருந்து கொத்தனார் கூலிக்கு அவர்கள் ஏறியதும் கிண்டல் நின்றுவிட்டது. இடிபாட்டை அகற்றும் வேலைக்கும் கூலி கொடுத்தோம். பழைய வீட்டின் கல்லும் உத்திரமும் கதவு நிலையும்தான் புது வீட்டின் பாதி முதலீடு. அவசரப்பட்டு புல்டோசர் வைத்துத் தள்ளிய இடங்களில் நல்ல சால் மர உத்திரங்கள் மண்ணோடு போயின.

கண்காணிப்புப் பொறியாளர்கள் நிலைமையும் பரிதாபம். பெரும்பாலும் அப்போதுதான் கல்லூரி முடித்த பிள்ளைகள். ஒருவருக்கு நூற்றுக்கணக்கான வீடு, மலைக்கு மலை நடை. சம்பளமும் வசதியும் போதவில்லை என்று போராட்டத்திலும் இறங்கினார்கள். அவர்கள் வராததால் அடித்தளத்தோடு நின்ற வீடுகளுக்கு அருகே மழைநீர் குளம்போல் தேங்கியதைப் பார்த்திருக்கிறேன். கட்டும் குடும்பமே ஒவ்வொரு மட்டத்திலும் அளவு நாடாவை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு வரும் பொறியாளருக்கும் முடிவு சொல்ல எளிது. பெல்ட்டை மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்து என்ன கிடைத்தது? ஆணையம் 2021 டிசம்பரில் கடையைக் கட்டியது. அதற்குள் பட்டியலில் இருந்த வீடுகளில் பெரும்பான்மை கட்டி முடிந்திருந்தன. ஏழை நாடு ஒன்று இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வீடுகளைச் சொந்தக்காரர் கையாலேயே கட்டி முடித்தது சாதாரணச் செயல் அல்ல. இதை நான் எந்த இடத்திலும் விட்டுக்கொடுக்காமல் சொல்வேன். ஆனால் பல வீடுகள் ஒரே அறை. தவணைக்கும் விதிக்கும் பொருந்தும்படி எவ்வளவு சிறிதாகக் கட்ட முடியுமோ அவ்வளவு சிறிது. மாடு எங்கே, மக்காச்சோளம் எங்கே உலர்த்துவது, அடுப்பு எங்கே? ஆகவே புது வீட்டில் ஆட்டையும் தானியத்தையும் வைத்துவிட்டு, பக்கத்தில் பழைய தகரக் கொட்டகையில் சமைத்துத் தூங்கும் குடும்பங்கள் நிறைய. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை அறியாமை என்பார்கள். வீட்டின் வரைபடம் போட்டவர்கள் மாட்டைக் கேட்கவில்லை என்பேன் நான்.

2023 நவம்பர் 3 நள்ளிரவை ஒட்டி மேற்கு நேபாளத்தில் ஜாஜர்கோட்டும் மேற்கு ருக்குமும் குலுங்கின. நேபாள அளவீட்டின்படி 6.4. கோர்க்காவோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் எல்லோரும் உறங்கும் நேரம், அதே கல்லும் மண்ணும், அதே இரட்டை முகச் சுவர். 150 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுபடியும் குளிர்காலம், மறுபடியும் தார்பாய், தற்காலிக வீட்டுக்கு இரண்டு தவணையில் 50,000 ரூபாய். கிழக்கே, 2015இல் மிக அதிகம் பாதிக்கப்பட்ட 14 மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான கொத்தனார்கள் கற்றுக்கொண்டது மேற்கே போய்ச் சேரவே இல்லை.

அப்போது அங்கே வேலைக்குப் போகவிருந்த ஒரு தம்பி என்னிடம் பேசினான். என்ன எடுத்துப்போவது என்று கேட்டான். போனதும் லால்புர்ஜா இல்லாத குடும்பங்களின் பட்டியலை முதலில் எடு என்றேன். கொட்டகைத் தகரத்துக்கு அடியில் வைக்கோல் கட்டு. இடிபாட்டு மரத்தை யாரும் எரிக்காமல் பார்த்துக்கொள். சிந்துபால்சோக்கிலிருந்தும் டோலகாவிலிருந்தும் பயிற்சி பெற்ற கொத்தனார்கள் பத்துப் பேரைக் கூட்டிப்போ, அவர்களே நேபாளியில் சொல்லிக் கொடுப்பார்கள், உன்னையும் என்னையும்விட நன்றாக. அவன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான். கூடாரம் வாங்க நிதி ஒதுக்கியிருக்கிறார்களாம். கொத்தனார்களுக்குப் பஸ் செலவு எழுத வரவு செலவுக் கணக்கில் தலைப்பு இல்லையாம். பயிற்சிப் பொருள் என்ற தலைப்பில் எழுதிப் போடு என்றேன்.